தத்துவப் பிரிவு உபசார விழா

எங்கள் கல்லூரி சிறியது. இலக்கியம், வரலாறு, தத்துவம் என்று நாலைந்து பிரிவுகள், அவ்வளவுதான். அங்கே என்ன நடந்தாலும் அறிவிப்புப் பலகையிலும் இணையப் பக்கத்திலும் போடுவது என் வேலை. தத்துவப் பிரிவை இழுத்து மூடப்போகிறார்கள் என்ற செய்தியும் என் மேசைக்குத்தான் வந்தது. அந்தப் பிரிவில் இருக்கும் ஒரே ஆசிரியர் என் அண்ணன்.

"அவர்கிட்ட நானே பேசிட்டேம்மா," என்றார் முதல்வர். "மூடுறோம்னு மட்டும் போடாதீங்க, கேக்கவே நல்லா இல்ல. நாசூக்கா, ஒரு விழா மாதிரி போடுங்க."

போட்டேன். 'தத்துவப் பிரிவு உபசார விழா. வெள்ளி மாலை, பெரிய அரங்கம். அனைவரும் வருக.' வருகவாம், வருக! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனுக்குப் போன் செய்யக் கை வரவில்லை. வேலை போனவனிடம் என்னவென்று பேசுவது? அவனாகக் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன்.

வெள்ளி மாலை அரங்கத்து வாசலில் கேமராவும் கையுமாக நின்றிருந்தேன். அண்ணன் வந்தான். தேய்த்த சட்டை, முகமெல்லாம் பல். பின்னாலேயே அண்ணி, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி.

"என்ன வாயாடி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா? இத்தனை வருஷம் கழிச்சு நம்ம பிரிவுக்கு உபசாரம்! இனிமே இன்னொரு ஆளையும் போடுவாங்க, பாரேன்."

முதல்வர் அவனிடம் பேசவே இல்லை. பேசிவிட்டதாக என்னிடம் கூசாமல் புளுகியிருக்கிறார், படுபாவி. இவனோ நான் போட்ட வரியில் நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திப் படித்திருக்கிறான்.

அண்ணியை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு அவனைத் தூணோரம் இழுத்துப் போனேன்.

"அண்ணா, அது பிரிவுக்கு உபசாரம் இல்ல. பிரிவு உபசாரம். தத்துவத்த மூடுறாங்க. இந்த மாசத்தோட உனக்கு வேலை இல்ல."

"பிரிவு, பிரிவு" என்று முணுமுணுத்தான். ஒவ்வொரு சொல்லையும் அக்கக்காகப் பிரித்துப் பாடம் நடத்திப் பிழைத்தவன்.

"உங்க அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாத. அவ விழாவப் பாக்கட்டும்."

மேடையேறினான். முதல்வர் பேச்சில் மூடுகிறோம் என்ற சொல் மருந்துக்குக்கூட வரவில்லை. அண்ணனின் சேவையைக் கல்லூரி என்றும் மறக்காதாம். பூச்செண்டு கொடுத்தார். விஷயம் தெரிந்த ஆசிரியர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். கை தட்டியது அண்ணி ஒருத்திதான், உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள். படம் எடு, படம் எடு என்று நடுவில் எனக்கு ஜாடை வேறு. எடுத்தேன். அழுகையில் கண் மறைத்தது.

எல்லாம் முடிந்து கீழே இறங்கியதும் அண்ணி பூச்செண்டை வாங்கிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வயித்தெரிச்சல். ஒருத்தராவது கை தட்டினாங்களா பாத்தீங்களா? ஏங்க, அடுத்த வருஷமும் இப்படிச் செய்வாங்களா?"

"இல்ல," என்றான் அண்ணன். "இது ஒரு தடவதான்."

"அப்படின்னா படத்தப் பெருசா போடும்மா," என்றாள் என்னிடம்.