ஆறு மூட்டை மணலும் ஒரு பிக்கப் சீட்டும்

1

உலகத்து மன்னர்கள் எவருக்கும் வாய்க்காத ஓர் ஆசனம் 1995ஆம் ஆண்டு மலேசியாவில், மலாக்காவின் ஜாசினை அடுத்த பெம்பானில், எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றும் ஒரு பழைய பிக்கப் வண்டிக்குள் இருந்தது. அதில் உட்கார்ந்த ஒரு பெண்மணி பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் ஆகிய மூன்று மாநிலங்களை ஒரே தூக்கத்தில் கடந்தார்.

நம்பமாட்டீர்கள். செம்பனை ஆலையில் முப்பத்தொரு வருடம் எடை போட்டுக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன் நான். முள் காட்டியதை மட்டுமே எழுதிக் கை மரத்துப்போனவன். ஓய்வு பெற்ற மறுநாள் முதல் முள் காட்டாததையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தூக்கம் நான் சேர்த்தது இல்லை.

கதை எழுத வந்த காரணத்தையும் ஒளிப்பானேன்? போன மாதம் ஜாசினில் ஒரு நான்கு வயதுப் பொடியனின் பிறந்தநாள். கேக் தின்றுகொண்டே இந்தத் தூக்கக் கதையை எடுத்துவிட்டேன். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஒரே ஒருவர் மட்டும், "கிராணியாரே, போதும்லா. கேக்கைத் தின்னுட்டுப் பேசுங்க" என்றார்.

அவர் ஒருவருக்காகத்தான் இவ்வளவு காகிதமும் செலவாகிறது.

2

முதல் வாக்கியத்தை இப்படி எழுதினேன்: 'மேற்கே வானம் செம்பனைப் பழமாய்ச் சிவந்திருந்த ஒரு மாலையில்...'

வேண்டாம். பிக்கப்புக்கு வானம் எதற்கு?

இரண்டாவது: 'அகல்யாவுக்கு அப்போது ஏழாம் மாதம்.' இது நிற்கும்.

அகல்யா, பிக்கப்காரர் சாமிக்கண்ணுவின் ஒரே மகள். வடக்கே பேராக்கின் தைப்பிங்கில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டும். எக்ஸ்பிரஸ் பஸ் ஏறினால் அவளுக்குக் குடல் வெளியே வந்துவிடும். தன் வண்டியிலேயே அழைத்து வருவதாகச் சாமிக்கண்ணு போன் போட்டார். மறுமுனையில் அகல்யாவின் மாமியார் இந்திராதேவி.

"அந்தக் கொல ஏத்துற வண்டியிலயா? கல்யாணத்தன்னைக்கிக் கோயில்லேருந்து மண்டபம் வரைக்கும் அதுல உக்காந்து வந்தேன் சம்பந்தி. மூணு நாளு முதுகு நிமிரல. நானூறு கிலோமீட்டருக்குப் புள்ளத்தாச்சிய அனுப்ப முடியாது. இங்கயே பொறக்கட்டும்."

"சீட்டைச் சரிபண்ணிடறேன் சம்பந்தியம்மா."

"என்னத்தைச் சரிபண்ணுவீங்க? சரி, நானும் கூட வர்றேன். வழியில இருக்குற தாப்பா வரைக்கும். அங்க எறங்கி என் முதுகு என்ன சொல்லுதோ, அதான் தீர்ப்பு. வலிச்சுச்சுன்னா மருமகளைக் கூட்டிக்கிட்டு டெக்சி புடிச்சு வீட்டுக்குத் திரும்பிருவேன். அப்புறம் பேச்சு கிடையாது."

சாமிக்கண்ணு போனை வைத்தபோது, அவர் மனைவி ஜானகி வாங்கி வைத்திருந்த குழந்தைத் துணிகளின் பக்கம் பார்க்காமல் வெளியே போனார். கையில் ஒரு மாதம் இருந்தது.

3

அந்தச் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று பேர் உட்காரும் ஒரே பலகை. முதுகு செங்குத்தாக, பள்ளிக்கூடத்துச் சுவர் மாதிரி நிற்கும். உள்ளே இருந்த கம்பிச் சுருள்களில் நான்கு, உட்கார்ந்தவரிடம் தனித்தனியாகப் பேசும்.

சாமிக்கண்ணு முதலில் இலவம்பஞ்சு திணித்தார். பெம்பானில் மேடாக இருந்த பஞ்சு பக்கத்து ஊரான செலண்டார் போய்ச் சேர்வதற்குள் தட்டையாகிவிட்டது. அடுத்து டெக்சிக்காரர்கள் போடுகிற மரமணி விரிப்பு. தினமும் சாயங்காலம் ஆலைக்குக் குலை கொண்டுபோகும்போதே சோதனை ஓட்டம். சோதனைக்கு உட்கார்ந்தவர் ஜானகி.

"பல்லாங்குழி மேல உக்காந்த மாதிரி இருக்கு" என்றார் ஜானகி. "முத்து எல்லாம் என் மேலதான்."

மூன்றாவதாக, சொந்தக் கட்டிலின் ரப்பர் மெத்தையை வெட்டி இரண்டு அடுக்காகப் போட்டார். மெத்தை உயர்ந்தது, உட்கார்ந்த ஜானகியும் உயர்ந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் தலை கூரையில் இடித்து, கூரைத் தகட்டில் உள்ளிருந்து வெளியே நாற்பத்தேழு புடைப்புகள் எழும்பின. [இரண்டு. பிறகு எண்ணிப் பார்த்தேன்.] மெத்தை கூடக் கூட, பிடிமானம் இல்லாமல் உடம்பு படகில் நிற்பதுபோல் ஆடியது. ஜானகி வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தார்.

இந்த இடத்தில் கதை எனக்கு நகரவில்லை. காரணம் புரியச் சில நாளானது. ஜானகியை நான் வெறும் முதுகாக மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். சாமிக்கண்ணுவும் அப்படித்தான் நினைத்திருந்தார். 'வலிக்குதா?' என்று கேட்பார், ஜானகி 'வலிக்குது' என்பார், அதோடு சரி. எங்கே, எப்போது வலிக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்டு எழுதவில்லை. எனவே பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டு, ஜானகியைப் பேசவிடுகிறேன்:

"நான் ஒண்ணு கேக்கவா? கொல ஏத்திக்கிட்டு ஆலைக்குப் போவும்போது உங்க வண்டி தொட்டில் மாதிரி போவுது. எறக்கிட்டு வெறுங்கையா திரும்பும்போதுதான் உசுர எடுக்குது. போகையில ஒரு சீட்டு, வரையில வேற சீட்டா?"

சாமிக்கண்ணு வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப்போய்ப் பின்சக்கரத்தின் அருகே குந்தினார்.

இரண்டு வருடத்துக்கு முன், இன்னும் கொஞ்சம் குலை ஏற்றலாமே என்று, பின்னால் ஸ்பிரிங் பட்டைகளோடு கூடுதலாக இரண்டு பட்டை சேர்த்திருந்தார். டயர்களுக்கும் கல்லாகிற வரை காற்று. பாரம் இருந்தால் அது வளையும். காலியாக ஓடினால் வளையாது. பள்ளத்தை அப்படியே முதுகுக்கு அனுப்பிவிடும். குலை ஏற்றுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கோளாறு சக்கரத்தில் இருக்க, மூன்று வாரமாகப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒர்க்‌ஷாப் காளிதாஸ் தயங்கினான். "கூடுதல் பட்டையைக் கழட்டுனா இனிமே அவ்ளோ ஏத்த முடியாதுண்ணே. ஜாசின்ல என் வண்டி மாதிரி எவன் வண்டியும் ஏத்தாதுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க."

[இங்கே சாமிக்கண்ணுவின் மனப்போராட்டத்தை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். காளிதாஸைக் கேட்டபோது, "அண்ணே கொஞ்ச நேரம் தரையைப் பாத்துச்சு, அவ்ளோதான்" என்றான். எடுத்துவிட்டேன்.]

"கழட்டு தம்பி."

பட்டை இறங்கியது. டயரில் காற்றுக் குறைந்தது. மெத்தையில் ஒற்றை அடுக்கு மட்டும் நின்றது. சீட்டின் முன்பக்கத்துக்கு அடியில், திருகாணிகளில் தடித்த வாஷர்கள் போட்டு அரை அங்குலம் தூக்கினார்கள். உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்தது. இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. கடைசியாக, குலைக்குப் பதில் பாரமாக, பின் அச்சுக்கு நேர் மேலே ஆறு மூட்டை மணல்.

4

தைப்பிங்கில் வழக்கம்போல மழை. வாசலுக்கு வந்த இந்திராதேவி முதலில் பார்த்தது மூட்டைகளைத்தான்.

"என்ன சம்பந்தி இது?"

"மணலுங்க."

"மருமகளை அழைக்க வர்றவங்க பூ கொண்டாருவாங்க, பழம் கொண்டாருவாங்க. நீங்க மண்ணைக் கொண்டாந்திருக்கீங்க!"

"பூவும் முன்னால இருக்குங்க. இது முதுகுக்கு."

"யாரு முதுகுக்கு?"

"உங்க முதுகுக்குத்தான்."

அகல்யா சிரிப்பை முந்தானையால் மூடினாள். இந்திராதேவி நடுவில் ஏறி உட்கார்ந்து, தீர்ப்புச் சொல்லப்போகிறவர்களுக்கே உரிய விறைப்போடு கைப்பையை மடியில் நிறுத்தினார்.

5

தாப்பா ஓய்விடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: இந்திராதேவி இறங்கி, இடுப்பைப் பிடித்து, 'அம்மா' என்று... (குழந்தைத் துணி வாங்கி வைத்திருந்த ஜானகியின் முகம் நினைவுக்கு வந்தது. தொடரவில்லை.)

இரண்டாவது: இந்திராதேவி கண்கலங்கி, சாமிக்கண்ணுவின் கையைப் பற்றி... (அவர் கண்கலங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

மூன்றாவது, நடந்தது. சாமிக்கண்ணு வண்டியை நிறுத்தினார். பக்கத்தில் பார்த்தார். இந்திராதேவியின் தலை அகல்யாவின் தோளில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அப்பா, அத்தையை எழுப்பவா?"

"இங்க தீர்ப்பு சொல்லணும்னாங்களே."

"நல்லாத் தூங்குறாங்கப்பா."

சாமிக்கண்ணு குரலைத் தாழ்த்தினார். "அதான் தீர்ப்பு. நீ போய் மொகம் கழுவிட்டு மெதுவா ஏறு. கதவைச் சத்தமா அடிக்காதே."

ஜாசின் டோல் சாவடியில் சில்லறை விழுந்த சத்தத்துக்குத்தான் இந்திராதேவி கண் விழித்தார். "தாப்பா வந்துருச்சா?"

அந்த வருடக் கடைசியில் பொடியன் மலாக்காவில் பிறந்தான். இந்திராதேவிக்கோ நான்கு வருடமாக ஒரே பேச்சு: 'நான் தூங்கல. கண்ணை மூடியிருந்தேன்.'

6

முடிவை உங்களிடமே விட்டுவிடலாம் என்றிருந்தேன். தூங்கினாரா, கண்ணை மூடியிருந்தாரா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியும் விட்டேன். பிறந்தநாளில் என்னைக் கேக்கைத் தின்னச் சொன்ன இந்திராதேவி இன்னும் ஜாசினில்தான் இருக்கிறார் என்பதால், ஒரு மரியாதைக்குக் கைப்பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "'மூணு நாளு முதுகு நிமிரல'ன்னு எழுதியிருக்கீங்க. அஞ்சு நாளு. திருத்துங்க."

திருத்துவதாகச் சொன்னேன். (திருத்தவில்லை. எதையும் குறைத்துச் சொன்னதாக என்மேல் பழி வந்ததில்லை. இது ஒன்று இருக்கட்டும்.)

தாப்பா வந்ததும் படிப்பது நின்றது. காகிதத்தை மடியில் வைத்தார். உள்ளே பொடியன் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான்.

"முதுகெல்லாம் ஒரு சாக்குதான் கிராணியாரே" என்றார் மெதுவாக. "பேரன் எங்க வீட்டுல பொறக்கணும்னு ஆசை. தாப்பால எறங்கி, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வலிச்சாலும் வலிக்காட்டியும் சொல்றதாத்தான் ஏறினேன்."

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"எப்படிச் சொல்றது? தாப்பா வரைக்கும் முழிச்சிருந்தாத்தானே! ஈப்போ தாண்டுறதுக்கு முன்னாடியே தூங்கிட்டேன்லா. எழுதிக்குங்க."