கங்காணி உடைத்த சிலை

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், தேயிலை வேர் பிடிக்காத பாறைச் சரிவில், மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டும் மூக்கன் சீமெந்தால் சிலைகள் செய்து நட்டுவைத்திருந்தான். நாற்பதுக்கு மேல் இருக்கும். யாரிடமும் கற்றவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் வட்டவளையிலிருந்துகூட ஆட்கள் பார்க்க வந்தார்கள். பெரிய கங்காணி செல்லசாமிக்கு மட்டும் அது கண்ணில் விழுந்த தூசி.

அந்த ஞாயிறு அவரும் போனார். ரசிக்கவா? கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு கங்காணி சிலை புதிதாக நிற்கிறது என்று காதில் விழுந்திருந்தது. ஆட்களுக்குப் போடும் அரிசியில் மூன்று மாதமாக மூட்டை மூட்டையாக ஒதுக்கிக்கொண்டிருக்கிறவருக்கு அதை நேரில் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. தோட்டத்துத் துரைக்குத் தெரிந்தால் வேலையும் போச்சு, பேரும் போச்சு.

சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள், தபால்காரன், துரை வீட்டு நாய் எல்லாம் சீமெந்தில் நின்றன. நாய் அசலாகவே இருந்தது. இந்தப் பயலுக்கு இவ்வளவு கைவேலை எங்கிருந்து வந்தது என்று செல்லசாமிக்கு எரிந்தது. உச்சியில் நின்றது அவர் தேடி வந்த சிலை. அதே கோட்டு, அதே தலைப்பாகை, அவருடைய அதே மூக்கு. தோளில் கம்பளி போர்த்திய சுமை வேறு.

அவருக்குக் கண் மண் தெரியவில்லை.

"ஏண்டா மூக்கா! நான் அரிசி மூட்டை தூக்கிட்டுப் போறதையா ஊர் பார்க்கச் செஞ்சு வச்சிருக்க? யாருடா ஒனக்குச் சொன்னது?"

பாறையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து ஓங்கிப் போட்டார். தோள் பிளந்தது. கம்பளிக்குள்ளிருந்து சீமெந்துக் குழந்தைக் கால் ஒன்று உடைந்து அவர் செருப்பருகே விழுந்தது.

சிலை பார்க்க வந்த கூட்டம் நெருங்கி வந்தது. மூக்கன் குனிந்து அந்தக் காலை எடுத்தான். அதைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"இது நீங்க இல்லீங்க. ஒங்க அப்பாரு, பழைய கங்காணி. காய்ச்சல்ல சாகக் கெடந்த என்னையக் கம்பளியில சுத்தி, மழையில ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு நடந்தவரு. ஒங்களச் செய்ய எனக்கு மனசே வரலீங்க."

செல்லசாமி மண்வெட்டியைக் கீழே போட்டார். செத்துப்போன அப்பனை உடைத்துவிட்டோமே என்று துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தார். அதற்குள் கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவர் எதிரில் தலை நிமிராதவள். 'கங்காணியய்யா' என்று கூப்பிடும்போது ஒரு நாளும் அய்யாவை விட்டதில்லை.

"எந்த அரிசி மூட்டை, கங்காணி?" என்றாள்.