கடைசிப் பாட்டு காஞ்சனாவுக்கு

கோதாவைத் தீர்த்துக்கட்ட காஞ்சனாவுக்குக் கத்தி தேவைப்படவில்லை. ஒரு பால்பாயிண்ட் பேனா போதுமானதாக இருந்தது.

வல்லம் வடகாலில் உள்ள, இரும்புத் தகடு அடிக்கும் அந்த பிரஸ் கம்பெனியில் ஆயுத பூஜைக்குத் தொழிலாளர்களே கச்சேரி நடத்துவார்கள். பாட்டு வரிசை போடுவது காஞ்சனா. கடைசிப் பாட்டைப் பாடுவதும் காஞ்சனா. அதைப் பாடியவளைத்தான் கேன்டீனில் வருஷம் முழுக்கப் பேசுவார்கள்.

இந்த முறை குவாலிட்டி செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பெண் கோதாவும் பாட வந்திருந்தாள். ஒத்திகையில் அவள் வாயைத் திறந்ததுமே டிரம்ஸ் வேல்ராஜ் அடிக்க மறந்தான். காஞ்சனா பாடும்போது அவன் எதையும் மறந்ததில்லை.

"கடைசிப் பாட்டை இந்தப் பொண்ணுக்குக் குட்து பாரேன்க்கா" என்று வேறு சொல்லித் தொலைத்தான்.

காஞ்சனா சிரித்தாள். கோதா ஒத்திகை பார்த்த பாட்டை வரிசையிலிருந்து அடித்தாள். அவளுக்குச் சாமி பாட்டு, அதுவும் பூஜை நடக்கும்போதே, என்று எழுதினாள். அந்த நேரம் மேடைக்கு முன்னால் ஈ காக்கா இருக்காது. எல்லோரும் ஷெட்டுக்குள் மெஷினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே ஸ்பீக்கர் உண்டு. ஆனால் பிரஸ் அடிக்கிற சத்தத்தில் அது பேசி அவள் கேட்டதேயில்லை.

வரிசையைப் பார்த்த கோதா நன்றி சொன்னாள். அது காஞ்சனாவுக்கு இன்னும் எரிந்தது.

பூஜையன்று கோதா காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாட ஆரம்பித்தாள். வருஷா வருஷம் அந்நேரம் மேடையில் மைக் சரிபார்க்கும் காஞ்சனா, முதல்முறையாக ஷெட்டுக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் நின்றாள்.

ஒரு பிரஸ்கூட ஓடவில்லை. அத்தனை பெரிய தகரக் கூரைக்கடியில் கோதாவின் குரல் மட்டும் சுற்றி வந்தது. கற்பூரத் தட்டோடு சூப்பர்வைசர் நகராமல் நின்றார். பூசணிக்காய் உடைக்க வேண்டியவன் அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றான்.

"யாருக்கா அது? இன்னா கொரலு" என்றாள் பக்கத்தில் நின்ற தொழிலாளி மஞ்சுளா, அவளிடமே.

காஞ்சனா மேடைக்கு ஓடினாள். அந்தக் குரல் ஜனத்தின் காதிலிருந்து நெஞ்சுக்குள் இறங்குவதற்குள் அழித்தாக வேண்டும்.

"அடுத்தது என் பாட்டு. கடைசிக்கு வெச்சிருந்தது" என்றாள் வேல்ராஜிடம்.

"இப்பவேவா? ஜனம் பொரி வாங்கிக்கினு கீதுக்கா."

"அடிடா."

உயிரைக் கொடுத்துப் பாடினாள். ஒரு இடம் பிசகவில்லை. ஜனம் பொரிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே நாற்காலி தேடியது.

பிறகு யார் யாரோ பாடினார்கள். கூட்டம் நிரம்பி, ஓரங்களிலும் நின்றது. கடைசிப் பாட்டுக்கான நேரம் வந்தபோது, குழு ஒத்திகை பார்த்ததில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். காஞ்சனா அடித்திருந்த கோதாவின் பாட்டு.

கோதா தயங்கினாள். "உங்க பாட்டையே இன்னொரு தரம் பாடி முடிச்சுடுங்களேன்க்கா."

கூட்டத்தில் யாரோ சாமி பாட்டுப் பெண்ணைக் கேட்டார்கள். இன்னும் பலர் கேட்டார்கள்.

காஞ்சனா மைக்கை நீட்டினாள். கோதா அதை இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.