டீக்கறை வண்டு

கல்லூரி மைதானத்தில் மொத்தம் மூன்றே வகைச் செடிகள்தான் இருந்தன. அக்கா மூன்று ஞாயிற்றுக்கிழமை முழங்காலெல்லாம் மண்ணாக எண்ணிப் பார்த்துவிட்டாள். வகுப்பில் மற்ற இருபத்தெட்டுப் பேரின் ரெக்கார்டு நோட்டிலும் பதினான்கு வகை இருந்தது.

அக்காவுக்கு முப்பத்தொரு வயது, ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் வேலை. பதினோரு வருஷத்துக்கு முன் உயிரியல் பேப்பர் ஒன்றைக் கோட்டைவிட்டு, கல்யாணம் குழந்தை என்று போய்விட்டவள். அதை முடித்தால் பட்டம். பட்டம் வந்தால் சூப்பர்வைசர். இதுதான் கடைசி வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் கடிதமே போட்டுவிட்டது. அதனால் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோருக்கும் அக்காவாகிப்போனாள்.

சூழலியல் செய்முறை சுலபம். ஒரு மீட்டர் கம்பிச் சதுரத்தைத் திரும்பிப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் வீச வேண்டும். விழுந்த இடத்தில் உள்ள செடி, பூச்சியை எண்ணி, வரைய வேண்டும். இந்தக் கல்லூரியில் அது இன்னும் சுலபம்: சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினால் தீர்ந்தது. அக்கா கேட்ட பிறகுதான் அலமாரிமேல் கிடந்த சதுரத்தைத் தேடி எடுத்தார்கள். அதில் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் நோட்டை வாங்கியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோணல் காம்பு, ஒரு பக்கம் பெருத்த இலை. அக்காவே முன்பு வரைந்தது! இலைமேல் மட்டும் ஆறு காலோடு ஒரு பழுப்பு வண்டு.

பதினோரு வருஷத்துக்கு முன் அக்கா சதுரத்தைத் தொடக்கூட இல்லை. கேண்டீனில் உட்கார்ந்து பதினான்கு வகையை மனம்போல அளந்துவிட்டாள். டீ ஒரு சொட்டு இலைமேல் சிந்தியது. நோட்டை வாங்கிப்போன ஜூனியர்கள் திருப்பித் தரவில்லை. இப்போது அலமாரியில் இருந்த பழைய நோட்டுகளை வருஷ வரிசையில் புரட்டினாள். டீக்கறை முதல் வருஷம் வெறும் புள்ளி. பிறகு இலைநோய். பிறகு தலை, கால், மீசை. ஆறு பாடம் படித்தும் மண்டையில் ஏறாத பரிணாமம் அப்போது ஏறியது.

செய்முறைத் தேர்வில் பேராசிரியர் அவள் நோட்டைப் புரட்டினார்.

"வண்டு எங்கம்மா?"

"மைதானத்துல அப்படி வண்டே இல்ல சார்."

"இருபத்தெட்டுப் பேர் பார்த்திருக்காங்க. உங்க கண்ணுக்கு மட்டும் படலையா?"

"அது வண்டு இல்ல சார், டீ. அந்த மூல நோட்டு என்னுது. நான்தான் கொட்டினேன். பதினாலும் நானா எழுதினதுதான்."

அவர் சிரிக்கவில்லை. அந்த வண்டைப் பற்றி ஏழு வருஷமாகப் பாடம் நடத்துகிறவர்.

"அன்னிக்கு ஏமாத்தினேன்னு நீங்களே சொல்றீங்க. இன்னிக்குச் சொல்றத மட்டும் எப்படி நம்பறது? இது பதினோரு வருஷத் தரவும்மா. போய் வரைஞ்சுட்டு வாங்க. இல்லேன்னா ஃபெயில். உங்களுக்கு அடுத்த வருஷமும் கிடையாது."

வராந்தாவுக்கு வந்தவளுக்கு ஆத்திரத்தில் கண்ணீர் முட்டியது. கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று இருந்தது. பில் கவுண்டர் ஞாபகம் வந்தது. பென்சிலை எடுத்து வரைந்தாள். வயிற்றெரிச்சல் தாங்காமல், விரிந்த சிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டாள். எங்கேயாவது பறந்து தொலையட்டும்.

பேராசிரியர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "சிறகு! இத்தனை வருஷமா ஒருத்தராவது கவனிச்சீங்களா? உற்றுப் பார்க்கிறதுன்னா இதுதான்!" முழு மதிப்பெண் போட்டார். மூன்று ஞாயிறு எண்ணிய பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்.

வகுப்பில் இருபத்தெட்டுப் பென்சில்கள் வெளியே வந்தன. கேண்டீனில் பொய் எழுதிய அன்றுகூட அக்காவுக்கு இவ்வளவு கூசியதில்லை.

"அக்கா, சிறகுல எத்தனை கோடு?" என்று பக்கத்து பெஞ்சுப் பெண் கிசுகிசுத்தாள்.

அக்கா கையிலிருந்த மதிப்பெண்ணைப் பார்த்தாள்.

"நாலு போட்டுக்கோம்மா," என்றாள்.