பிலோமியின் சாக்கில் எங்கள் கொழுந்து

விடிந்தும் விடியாத பனியில், நனைந்த தேயிலைக் குச்சிகள் முழங்கையை அறுத்தன. வரிசையாகக் கொழுந்து வெட்டும் கத்தரி ஓட்டிக்கொண்டிருந்தோம். பிலோமி அக்கா மட்டும் நிரை நடுவில் நின்று, மண்சரிவில் புதைந்த மகனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதமாக இப்படித்தான். எடை குறைந்தால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு போகும். அதனால் எங்கள் நிரையில் மற்ற ஒன்பது பேரும் தினமும் ஆளுக்கு மூன்று கிலோ கொழுந்தை அவள் சாக்கில் போட்டோம். மதலேனம்மாள் மைனியின் யோசனை அது. கோயிலில் நவநாள் ஜெபம் சொன்னால் சரியாகிவிடும் என்று நம்பினோம்.

அன்று அவள் செடிகளை வேரோடு வெட்டி, மகனைத் தேடி மண்ணைத் தோண்டினாள். எஸ்டேட் வாட்சர்கள் இழுத்துப்போய் உரக் கொட்டகையில் பூட்டினார்கள். நாங்கள் போனபோது கதவடி இடுக்கில் அவள் விரல்கள் ரத்தமாகத் தெரிந்தன, நகங்கள் பெயர்ந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார் மேனேஜர். டாக்டர் பரிசோதிப்பதும் சிகிச்சையும் அவளுடைய உரிமை, இப்படிப் பூட்டி வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று, சுகாதாரத் துறை ஆஷா சேச்சி கூட்டத்தில் சொல்லிக் கேட்டதை நான் சொன்னேன்.

மேனேஜர் எடைப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.

"தினமும் இருபத்தேழு கிலோ. பைத்தியத்துக்கு இத்ர கைவேகமோ, மோளே? இது நோயில்ல, திமிரு. எந்த டாக்டர்கிட்ட போனாலும் இந்தப் புக்கு கூட வரும்."

எங்கள் கொழுந்தே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. உண்மையைச் சொன்னால் ஒன்பது வீடு போகும். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மதலேனம்மாள் மைனி முன்னால் போனாள். "அது பிலோமி பறிச்சதில்ல சாரே. நாங்க போட்டது."

"கள்ள எடை. ஒம்பது பேருக்கும் சஸ்பென்ஷன்."

"எழுதுங்க. எழுதி ஒரு தாளு எங்களுக்கும் தாங்க. டாக்டர்கிட்ட காட்டணும்."

அவர் எழுதவில்லை. அவள் சாக்கில் நாங்கள் கொழுந்து போட்டதை நான் எழுதினேன். ஒன்பது பேரும் கையெழுத்திட்டுக் கொட்டகை வாசலில் உட்கார்ந்தோம். மேல் டிவிஷன் பெண்களும் சாக்குகளை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். எடை போடாத கொழுந்து வெயிலில் வெந்து கருகத் தொடங்கிய பிறகுதான் கொட்டகைச் சாவி வந்தது.

எஸ்டேட் ஜீப் தரவில்லை. வண்டிப்பெரியார் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம்.

"எங்கட்டி போறோம்?" என்றாள் பிலோமி.

"டாக்டர்கிட்டக்கா. உங்களுக்குச் சீக்கு."

பிலோமி நின்றாள். "எனக்குச் சீக்குன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"பொறவு ஏன்ட்டி ஒருத்தியும் சொல்லல?"

எங்களில் ஒருத்தி, சாந்தம்மாள், தன் செருப்பைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். இரண்டு பக்கமும் தோள் கொடுத்து இறங்கினோம்.