எல்லாக் கதவும் நீலம்

பழவேற்காட்டுக் கடைத்தெரு நேராகப் போய்க் கடைசியில் இடப்பக்கம் வளையும். அந்த வளைவுக்கு அப்பால் திறந்திருந்தது மரியம் பீவியின் கடை ஒன்றுதான். ஒரு காலத்தில் படகுகள் அந்தப் பக்கம்தான் வந்து நிற்கும். பஸ் தெருவின் மறுமுனைக்கு வரத் தொடங்கியதும் படகுகளும் அங்கேயே ஒதுங்கிவிட்டன. ஊசி, நூல், ரிப்பன், பாசிமணி விற்கிற கடைக்கு யார் அவ்வளவு தூரம் நடந்து போவார்கள்? நடுப்பகலில் அந்த வாசலில் ஓர் ஆடு படுத்திருக்கும். அதை எழுப்பவேண்டிய அவசியம் யாருக்கும் வராது.

பட்டணத்து மண்ணடியிலிருந்து தம்பி பஷீர் சொல்லி அனுப்பியிருந்தான். பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு வருவானாம், அக்கா கடையை மூடிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டுமாம். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் அக்காவுக்கென்று அவன் ஒதுக்கியிருந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. அதற்குள் தெரு பிழைத்தால் கடை பிழைக்கும், கடை பிழைத்தால் தானும் இங்கேயே இருக்கலாம் என்று மரியம் பீவி நினைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம்தான், எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, பட்டணத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மாணவர்கள் சேவை முகாம் என்று வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். நசிந்துபோன கடைத்தெருவை எழுப்பிவிடுகிறோம் என்றார்கள். கடை கடையாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கயிறும் தூண்டில்முள்ளும் விற்கிற ஜெகபர் அலி சாக்கடை சரியில்லை என்றார். துணிக்கடை ஜமால் முகம்மது தெருவிளக்கு வேண்டும் என்றார். மரியம் பீவி, ஜனங்கள்தான் வேண்டும் என்றாள். மாணவர்களுக்குத் தலைவனான வீரராகவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். சாக்கடையைத் தூர் வாரினார்கள், உடைந்த ஓடுகளை மாற்றினார்கள். கடைசியில் கதவுகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். தண்டையார்பேட்டையில் யாரோ ஒரு புண்ணியவான் தானமாகக் கொடுத்த டின்கள். எல்லாம் ஒரே நீலம்.

ஊர் முழுக்க நீலமா என்று ஜெகபர் அலி கேட்டார். பளிச்சென்று இருக்கும் பாய் என்றான் வீரராகவன். பளிச்சென்றுதான் இருந்தது.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஏரிக்கு அக்கரையிலிருந்து வருகிற ஜனங்களுக்குப் பச்சைக் கதவு என்றால் கயிறு, காவிக் கதவு என்றால் துணி, மஞ்சள் கதவு என்றால் மளிகை. பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பும்போதும் அப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள். மாணவர்கள் அழகான எழுத்தில் போர்டு எழுதி மாட்டியிருந்தார்கள். அண்ணாந்து பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை.

மறுநாள் விடியற்காலை ஏரியிலிருந்து பனி எழுந்து தெருவுக்குள் வந்தது. நீலக் கதவுகளும் பனியும் கலந்துபோய், தண்ணீர் எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. படகிலிருந்து இறங்கினவர்கள் தரைதானா என்று காலால் தொட்டுப் பார்த்தார்கள். ஆளுக்கு முன்னே குரல் மிதந்து வந்தது. துணிக்கடையில் ஒருவர் கயிறு கேட்டார். ஜமால் முகம்மது தூக்கக் கலக்கத்தில் முழக்கோலை எடுத்துவிட்டாராம்.

அக்கரைக் குப்பத்து வேலம்மாவும் கயிறு வாங்கத்தான் வந்தாள். நீலம் நீலமாகத் தாண்டிக்கொண்டே நடந்தவள், தெரு வளைந்ததுகூடத் தெரியாமல் மரியம் பீவியின் கடைக்குள் வந்து நின்றாள்.

"பாய் இல்லியா?"

"எந்த பாயி?"

"கயிறு விக்கிறாரே, பச்சைக் கதவு பாயி."

"அவரத் தாண்டி வந்துட்டியே. இன்னிக்கு இந்தத் தெருவுல பச்சையே கெடையாது."

வேலம்மா கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த கண்ணுக்கு நேரே பாசிமணிச் சரங்கள் தொங்கின.

"இதெல்லாம் இங்கயே கெடைக்குதா? நானு பொன்னேரி வரைக்கும் போயி வாங்கினு வரேன். நீ இங்க கீறேன்னு ஒருத்தரும் சொல்லலியே."

"நான் எங்கியும் போவல. இங்கதான் கீறேன்."

அன்றைக்கு வேலம்மாவோடு முடியவில்லை. வெல்லத்துக்கு வந்த பிள்ளைகள் ரிப்பனோடு போயின. தூண்டில்முள் தேடி வந்த கிழவர் ஒருவர் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். பனி விலகிய பிறகும், அடுத்தடுத்த நாட்களிலும், வழி தெரியாமல் அலைந்தவர்கள் எல்லாம் கடைசியில் அந்த வளைவுக்கு வந்து சேர்ந்தார்கள். மரியம் பீவிக்கு விழிப்பும் தூக்கமும் ஒன்றாகிவிட்டன. கண்ணை மூடினாலும் வாசலில் காலடி கேட்டது.

ஆனால் மற்றக் கடைக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார்கள். வாடிக்கையெல்லாம் சிதறிப்போகிறது, எங்கள் நிறத்தை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று ஜெகபர் அலி சத்தம் போட்டார். வீரராகவன் கையெடுத்துக் கும்பிட்டான். பட்டணத்துக்குப் போய் வேறு நிறங்கள் கேட்டு வாங்கி வந்தான். வந்தவன் முதலில் வளைவைத் தாண்டி மரியம் பீவியிடம்தான் போனான். அங்கே ஜனங்கள் வந்துபோவதை அவனும் பார்த்திருந்தான். பஷீர் வரப்போவதும் அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. பெயிண்ட் கெடைக்கலைன்னு சொல்லிட்டு நாங்க கிளம்பிடறோம். தெரு இப்படியே இருக்கும்."

மரியம் பீவி வாசலுக்கு வந்து நின்றாள். ஏரிப் பக்கமிருந்து யாரோ யாரையோ கூப்பிடுகிற குரல் தேய்ந்து தேய்ந்து வந்தது.

"வழி தப்பி வர்றவங்கள நம்பி எத்தினி நாளு கடை தொறக்கறது? அவுங்கவுங்க கதவ அவுங்கவுங்களுக்குக் குடுத்துடுப்பா."

"உங்க கதவுக்கு என்ன நெறம்மா?"

"அதுக்கு முன்னயும் நெறமே இல்ல. நீ அடிச்சதே இருக்கட்டும்."

பச்சை வந்தது, காவி வந்தது, மஞ்சள் வந்தது. மாணவர்கள் வெள்ளிக்கிழமை பஸ் ஏறினார்கள். சனிக்கிழமை விடிவதற்குள் பஷீர் வந்துவிட்டான். கடைச் சாமான்களை அவனே பெட்டியில் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, வேன் டிரைவர் டீ குடித்துவிட்டு வரட்டும் என்று அதன்மேல் உட்கார்ந்தான். அன்றைக்கும் பனி. வளைவுக்கு அந்தப் பக்கம் தெரு விழித்துக்கொண்டிருப்பது கேட்டது. காலடிகள் வந்தன, தத்தம் கதவைக் கண்டதும் நின்றன. ஒன்றும் வளைவைத் தாண்டவில்லை. மண்ணடிக்குப் போனாலும் ஜனங்கள் சூழ இருக்கலாம் என்று பஷீர் மெல்லச் சொன்னான். மரியம் பீவி சரி என்றுகூடச் சொல்லியிருப்பாள்.

அப்போது பனிக்குள்ளிருந்து பெண்களின் பேச்சு வந்தது. பிறகு சேலைகள், பிறகு முகங்கள். முன்னால் வேலம்மா, பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"திரும்பவும் வழி தப்பிட்டியா, வேலம்மா?"

"இல்ல பீவிம்மா. இவ பொண்ணுக்குக் கண்ணாலம். பாசிமணி பாக்கணும்னா, இட்டுனு வந்தேன்."

கடை மூடியாகிவிட்டது என்றான் பஷீர். வேலம்மா அவனைப் பார்க்கவில்லை. மரியம் பீவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஷீரு, கொஞ்சம் எழுந்திரு. நீ உக்காந்துனு கீற பெட்டியிலதான் மணி கீது."

பஷீர் அக்காவின் முகத்தைப் பார்த்தான். வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவன் எழுந்து, குனிந்து, கயிற்று முடிச்சைத் தானே அவிழ்த்தான்.