தகுதியுள்ள ஆட்டக்காரன்

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும் ஆனந்தராசா முதல் காரியமாக முப்பத்தோராம் இலக்க ஜேர்சியைக் குளியல் தொட்டியில் போட்டு அலசினான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. போன சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வந்த கையோடு துவைத்து, காயவைத்து, மடித்துக் கட்டில் தலைமாட்டில் வைத்திருந்தான். ஆனாலும் இன்னொருவன் போடப் போகிற உடுப்பு. தன் வியர்வை வாசம் அதில் இருக்கக்கூடாது என்று ஒரு ரோசம். நீலமும் மஞ்சளும் கோடு போட்ட, கையில்லாத ஜேர்சி. பிழிந்து, ஹீட்டருக்கு முன்னால் கதிரையில் விரித்துப் போட்டுவிட்டு எதிரே கட்டிலில் உட்கார்ந்தான். ஒக்லாந்து நகரத்தின் ஓரத்தில், ஹென்டர்சனில் அவன் வாடகைக்கு இருந்த அந்த ஒற்றை அறைக்கு யாரோ விருந்தாளி வந்து உட்கார்ந்திருப்பது போலிருந்தது. அந்த அறைக்கு விருந்தாளிகள் வருவது குறைவு.

அவுஸ்திரேலியக் காற்பந்து என்று ஒரு விளையாட்டு இருப்பதே இரண்டு வருடங்களுக்கு முன்னர் அவனுக்குத் தெரியாது. தண்ணீர்த் தாங்கி செய்யும் கம்பனியில் அவன் தொழில்நுட்பப் படம் வரைபவன். அங்கே ஃபோர்மனாக இருந்த கிரஹாம் மெல்பேர்ணிலிருந்து வந்தவர். ரக்பியைத் தவிர வேறொன்றையும் கண்கொண்டு பார்க்காத நாட்டில், முட்டை வடிவப் பந்தோடும் பக்கத்துக்கு நாலு கம்பங்களோடும் தன் ஊர் விளையாட்டை நட்டு வளர்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் வேண்டும். பதினெட்டுப் பேருக்கு ஒக்லாந்தில் எங்கே போவது? கால் இரண்டும் நடக்கக்கூடிய எவனைக் கண்டாலும் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். அப்படித்தான் ஆனந்தராசாவும் கிளப்பின் இரண்டாம் அணியில், றிசேர்வ் அணி என்பார்கள், வந்து விழுந்தான்.

பெயரைப் பதிகிறபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பனின் பெயரைக் கொடுத்தான்: தியாகலிங்கம். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவன் லிங்கம். சாவகச்சேரியில் அப்பாவைத்தான் ஊரெல்லாம் லிங்கண்ணை என்று கூப்பிடும். அதனாலோ என்னவோ மைதானத்தில் 'லிங்கம்!' என்று யாராவது கத்தினால் அவன் எப்போதும் ஒரு கணம் பிந்தித்தான் திரும்புவான். காது கேளாதவன் என்று முதல் மாதம் முழுக்க நினைத்திருந்தார்கள். போன வருடம் அப்பா செத்தபோது, வதிவிட விசாவுக்கான விண்ணப்பம் அலுவலகத்தில் கிடந்ததால் அவனால் போக முடியவில்லை. அடுத்து வந்த சனிக்கிழமை மைதானத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது திரும்பவே முடியாமல் நின்றான். பந்து அவனைத் தாண்டிப் போய் எதிரணிக்குக் கோலாயிற்று.

அவன் பெரிய ஆட்டக்காரன் இல்லை. எதிரணியின் ஒரு ஆளோடு ஒட்டிக்கொண்டே திரிந்து, அவன் கைக்கு வருகிற பந்தைக் குத்தித் தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான் அவனுக்குக் கொடுத்த வேலை. அதை அவன் விரும்பினான். ஒரு பின்னேரம் முழுக்க இன்னொரு மனிதனின் மூச்சுக் கேட்கிற தூரத்தில் நிற்பது வாரத்தில் வேறு எந்த நாளும் வாய்க்காத ஒன்று. சில பேர் முழங்கையால் இடிப்பார்கள். சில பேர் பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது எந்த நாடு, எத்தனை பிள்ளைகள் என்று விசாரிப்பார்கள். மனைவி ரதிதேவி ஊரில் இருக்கிறாள், விசா வந்ததும் வருவாள் என்று எதிரணியில் ஆடிய ஒரு தொழிற்சாலைக்காரனிடம், ஒரு மீன்கடைக்காரனிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான். கூட வேலை செய்பவர்களிடம்கூட அவ்வளவு சொன்னதில்லை.

இந்த வருடம் அதிசயமாக றிசேர்வ் அணி இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. முதல் அணியோ முன்னரே தோற்று வெளியே போய்விட்டது. முதல் அணியின் சூரர்கள் எல்லாம் சும்மா நிற்கிறார்கள். அவர்களைக் கீழே இறக்கி ஆடவிட்டால் ஒரே அமுக்காக அமுக்கிவிடலாம். எந்தக் கிளப்புக்கும் இந்தப் புத்தி வரும் என்பதால்தான் விதி வைத்திருந்தார்கள். அந்தப் பருவத்தில் பாதி ஆட்டமாவது றிசேர்வ் அணிக்கு ஆடியவன்தான் றிசேர்வ் இறுதியாட்டத்தில் இறங்கலாம். ஆனந்தராசாவுக்கு அந்த விதி மிகவும் பிடித்துப்போயிற்று. கலியாண வீடு, மீன்பிடி, மனைவியின் தாய் வருகிறாள் என்று மற்றவர்கள் எல்லாம் இடையிடையே வராமல் விட்டிருந்தார்கள். அவன் ஒரு சனிக்கிழமை கூட விடவில்லை. போவதற்கு வேறு இடமில்லை. போக இடமில்லாதவனைப் பார்த்து, நீதான் தகுதியானவன் என்று ஒரு விதி சொன்னது அவனுக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவை.

அதுவரை பல தடவை மாற்று ஆட்டக்காரனாக விளிம்பில் குந்தியிருந்து பிறகு இறங்கியவன் இறுதியாட்டத்தில் முதல் பதினெட்டுக்குள் வந்தான். இறுதியாட்டத்துக்கு வரக்கூடும் என்று தெரிந்த நாளிலேயே ரதிக்குத் திகதியோடு எழுதியிருந்தான். அவளும் பதில் போட்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமை விடியவே பிள்ளையார் கோயிலுக்குப் போய், நீங்கள் வெல்ல வேண்டுமென்று தேங்காய் உடைப்பேன். எனக்கு அந்த விளையாட்டு ஒரு இழவும் விளங்கவில்லை, பிள்ளையாருக்கு விளங்கினால் போதும் என்று.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சி முடிந்து உடுப்பு மாற்றும்போது கிரஹாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முன்களத்தில் ஆடும் பெரியவனுக்குக் கை முறிந்துவிட்டது. அந்த இடத்துக்கு முதல் அணியின் தாமாவை விட்டால் ஒழிய வெல்ல வழியில்லை. தாமா இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெடியன். றிசேர்வ் அணிக்கு ஒரு ஆட்டமும் ஆடாதவன்.

"உன் பெயர் மட்டும் எங்களுக்குப் போதும், லிங்கம்" என்றார். "தாமா உன் பெயரில், உன் இலக்கத்தில் ஆடுவான்."

எதிரணி தன்னைப் பார்த்திருக்கிறதே என்று ஆனந்தராசா மெல்லக் கேட்டான்.

"ஒரே ஒரு தரம். அதுவும் மழையில், உடம்பெல்லாம் சேறாக. அவர்களுக்கு நீங்கள் இரண்டு பேரும் ஒன்றுதான்."

யாரோ சிரித்தார்கள். ஆனந்தராசாவும் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது. அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கிரஹாம் அவன் தோளில் தட்டினார். எழுந்து போகிறபோதுதான் மிச்சத்தையும் சொன்னார்: சனிக்கிழமை அவன் மைதானப் பக்கம் வரக்கூடாது. ஒரே பெயரில் இரண்டு பேர் நிற்பதை யாராவது கண்டால் வில்லங்கம்.

இப்போது இன்னொரு கரைச்சல் இருந்தது. நகரத்தின் மறுகோடியில், பக்குரங்காவில் இருந்த வின்சென்ற் அண்ணை மன்னார்க்காரர். இந்த ஊரில் அவன் வாய்விட்டுத் தமிழ் கதைக்கிற ஒரே வீடு அவருடையது. இறுதியாட்டம் பார்க்க வேலைக்கு லீவு போட்டிருந்தார். ஆனந்தராசா தெருமுனை டெயரிக் கடைக்குப் பக்கத்திலிருந்த ரெலிபோன் பெட்டிக்குப் போய் எடுத்தான்.

"அண்ணை, சனிக்கிழமை வராதேங்கோ."

"ஏன்ராப்பா? மச் இல்லையோ?"

"மச் இருக்கு. நான் இல்லை."

"கால்கீல் முறிஞ்சு போச்சோ?"

"இல்லை. என்ர பேர் விளையாடும். நான் போகேலாது."

அவன் நடந்ததை எல்லாம் சொன்னான். மறுமுனையில் அவர் மனைவி இமெல்டா அக்கா பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவதும், பிள்ளைகள் இங்கிலீசில் மறுப்பதும் கேட்டது.

"நீ ஓம் எண்டு சொன்னனியோ?"

"ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. சிரிச்சனான்."

"விசர்ப் பெடியா" என்றார் வின்சென்ற். திட்டுகிற குரலில் இல்லை. "சரி, ஏலாதெண்டு இப்ப சொல்லன். என்ன செய்யப் போறாங்கள்?"

"ஒண்டும் செய்யமாட்டாங்கள். நான் விளையாடித் தோத்தா, அதுக்குப் பிறகு ஆரின்ர முகத்தைப் பாக்கிறது? எனக்கு இஞ்ச இருக்கிறது அவங்கள்தானே."

சொன்ன பிறகுதான் அது வின்சென்ற் அண்ணையைக் குத்தியிருக்கும் என்று தெரிந்தது. அவர் அதைக் காட்டிக்கொள்ளாமல், சனிக்கிழமை வீட்டுக்கு வா, கணவாய்க் கறி வைப்பம் என்றார். பார்ப்போம் என்றான். போக மாட்டான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜேர்சி காய்ந்து முடிய, கதவு தட்டும் சத்தம் கேட்டது. தாமா நின்றான். கதவு முழுக்க நிறைந்த ஆள். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். அவர்கள் வீடுகளிலும் அப்படித்தானாம். இருக்கிற ஒரே கதிரையில் ஜேர்சி கிடந்ததால் ஆனந்தராசா அதை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவனை உட்காரச் சொன்னான். தேநீர் போட்டான். தாமா அந்தச் சின்னக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதை வாங்க வந்தவன் போல இருந்தான்.

"பெயரைச் சரியாகச் சொல்லித் தா" என்றான் கடைசியில். "நடுவர் கேட்டால் நான் திக்கக் கூடாது."

ஆனந்தராசா சொன்னான். தாமா திரும்பச் சொன்னான். பிழை. மறுபடி சொன்னான். நாலைந்து தரத்தில் திருந்திவிட்டது. இரண்டு வருடமாகக் கிளப்பில் ஒருவரும் முழுதாகச் சொல்லிப் பார்க்காத பெயரை அந்த முரட்டு வாய் பிசகில்லாமல் சொன்னபோது ஆனந்தராசா இன்னொரு தரம் சொல்லச் சொன்னான்.

"நல்ல பெயர்" என்றான் தாமா. "யார் வைத்தது?"

"அது என் பெயர் இல்லை. என் அப்பாவின் பெயர்."

தாமா கோப்பையைக் கீழே வைத்தான். "அவர் எங்கே இருக்கிறார்?"

"செத்துவிட்டார்."

 தாமா ஜேர்சியைப் பார்த்து, "எனக்கு இது வேண்டாம், ப்ரோ" என்றான். "நீ சொல்லு. எனக்குக் காய்ச்சல் என்று கிரஹாமிடம் சொல்லிவிடுகிறேன். நீயே ஆடு."

அவ்வளவு சுலபமாக அது திரும்பி வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கையை நீட்டக்கூட வேண்டாம். மடித்த ஜேர்சி அவன் மடியில்தான் இருந்தது. வேண்டும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் கண்ணுக்கு முன்னால் எதிரணியின் முன்வரிசைக்காரன் ஒருவன் அவனைத் தாண்டி எம்பிப் பந்தைப் பிடிக்கிறான். கோல். ஆட்டம் முடிகிற சைரன். உடுப்பு மாற்றும் கொட்டிலில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பரவாயில்லை லிங்கம் என்றுகூட. தோற்பதற்கு அவன் பயப்படவில்லை. அதற்குப் பிறகு வரும் சனிக்கிழமைகளுக்குப் பயந்தான்.

"நீ ஆடு" என்று ஜேர்சியை நீட்டினான்.

தாமா அதை வாங்கி, சட்டைக்குள் வைத்துக்கொண்டான். வாசலில் குனிந்து சப்பாத்துப் போடும்போது, "சனிக்கிழமை எங்கே இருப்பாய்?" என்று கேட்டான்.

"மைதானத்துக்குப் பின்னால் மலை இருக்கிறதே, அதில் நிற்பேன். கிரஹாமிடம் சொல்லாதே."

"அங்கே உன்னைத் தேடிப் பார்ப்பேன்" என்றான் தாமா.

மைதானம் எப்சம் என்ற இடத்தில், பழைய எரிமலைக் குன்றொன்றின் அடியில் இருந்தது. ஆனந்தராசா இரண்டு பஸ் மாறிப் போய், மறுபக்கத்தால் ஏறினான். புல் ஈரம் என்று தனக்குத்தானே சாட்டுச் சொல்லி, ஆணி வைத்த விளையாட்டுச் சப்பாத்தையே போட்டு வந்திருந்தான். சரிவில் செம்மறிகள் மேய்ந்தன. நாயோடு நடப்பவர்கள், ஓடுபவர்கள், போர்வை விரித்து இருக்கும் சோடிகள் என்று அங்கங்கே ஆட்கள். அவன் ஒரு ஒலிவ் மரத்துக்குப் பக்கத்தில் நின்றான். கீழே நீலமும் மஞ்சளும் பொடிப்பொடியாக ஓடின. முப்பத்தொன்றைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. தன் முதுகை அவன் அதுவரை தூரத்திலிருந்து பார்த்ததில்லை.

ஊரில் அப்போது காலை. ரதி குளித்து, ஈரத் தலையோடு கோயிலுக்குப் போயிருப்பாள். உடைத்த தேங்காய் யாருக்குப் போய்ச் சேரும் என்று பிள்ளையார்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அடுத்த கடிதத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தான். வென்றோம் என்று எழுதலாமா?

தாமா பேய் மாதிரி ஆடினான். மூன்று பேரின் தோளுக்கு மேலால் எழும்பிப் பந்தைப் பிடித்தான். கடைசிப் பகுதியில் இரண்டு அணியும் கிட்டத்தட்டச் சமமாக நின்றபோது, வேலியோரம் நின்ற சனம் தகரத்தைத் தட்டிக்கொண்டு கத்தத் தொடங்கியது. லிங்கம்! லிங்கம்! காற்று அந்தச் சத்தத்தை அள்ளிக்கொண்டு மேலே வந்தது. ஆனந்தராசா இந்த முறை பிந்தவில்லை. உடனே திரும்பி, சரிவில் நாலு எட்டுக் கீழே ஓடியும் விட்டான். செம்மறிகள் விலகி ஓடின. நாயோடு வந்த கிழவி ஒருத்தி அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவன் நின்று, மூச்சு வாங்கி, "அது என் அப்பா" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டான்.

தாமா உதைத்த பந்து நடுக் கம்பங்களுக்கிடையில் போயிற்று. சிறிது நேரத்தில் சைரன் ஊதியது. எல்லோரும் ஓடிப்போய் முப்பத்தொன்றின் மேல் விழுந்தார்கள். கிரஹாம் கிழடு தட்டிய காலோடு துள்ளித் துள்ளி ஓடினார். வட்டமாகத் தோளில் கை போட்டுக்கொண்டு கிளப் பாட்டைப் பாடினார்கள். ஆனந்தராசாவுக்கும் பாட்டுத் தெரியும், உதட்டை அசைத்தான். சந்தோசமாகத்தான் இருந்தது. அதுதான் அவனைக் கூடுதலாக வருத்தியது.

பாட்டு முடிந்ததும் தாமா வட்டத்தை விட்டு வெளியே வந்தான். தனியாக மைதானத்தின் நடுவில் நின்று, கையை நெற்றியில் வைத்து மலையைப் பார்த்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தேடினான். ஆனந்தராசா மரத்து நிழலை விட்டு வெளியே வந்து கையை உயர்த்தினான். தாமாவும் கண்டுவிட்டவன் போல ஜேர்சியைத் தலைவழியே கழற்றி, உயரப் பிடித்து, ஆட்டினான். ஆட்டியது இந்தப் பக்கம் பார்த்து இல்லை. சரிவின் மற்ற ஓரத்தில், பாதை வளைகிற இடத்தில், சிவப்புப் பனியனோடு ஓடி வந்த யாரோ ஒருவன் நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, கீழேயிருந்து தனக்குத்தான் ஆட்டுகிறார்கள் என்று எண்ணி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

தாமா இன்னும் பெரிதாக ஆட்டினான். ஆனந்தராசா உயர்த்திய கையை இறக்கவில்லை. விலகிப் போயிருந்த செம்மறிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவன் காலடியில் மேயத் தொடங்கின.